கேள்விக்குக் கேள்வி... பதில் எங்கே?



மாலை ஆறு மணி. வேலை முடிந்து கணவர் வீட்டுக்கு வருகிறார். "சம்பளம் போட்டுட்டாங்களா?" என்று மனைவி கேட்கிறார். "ஏன், இப்ப என்ன அவசரம்?" என்கிறார் கணவர். அறைக்குள் இருக்கும் மகனிடம், "பரீட்சை முடிவு வந்திருச்சாடா?" என்று கேட்கிறார். "யாரும்மா சொன்னா?" என்று உள்ளிருந்து குரல் வருகிறது. கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக் கொண்டிருக்கும் மாமியாரிடம், "அத்தை, சாப்பிட்டீங்களா?" என்கிறார். "எனக்கென்ன இப்ப பசியா எடுக்குது?" என்கிறார் அவர்.

மூன்று பேரிடம் மூன்று கேள்விகள். ஒன்றுக்கும் நேரடியான பதில் இல்லை. "கேட்ட கேள்விக்கு இந்த வீட்டுல யாருமே பதில் சொல்ல மாட்டீங்களா?" என்று அந்த அம்மா அலுத்துக் கொள்கிறார். கவனித்தீர்களா நேயர்களே? அவருடைய அலுப்பும் ஒரு கேள்வியாகத்தான் வெளியே வருகிறது!

சிலர் ஏன் கேள்விக்குக் கேள்வியையே பதிலாகத் தருகிறார்கள்? அது மரியாதைக் குறைவா? எதையோ மறைக்கிறார்கள் என்பதன் அடையாளமா? அல்லது வெறும் பழக்கமா? இன்றைய சிந்தனைக்கு இதையே எடுத்துக் கொள்வோம்.

இலக்கணம் ஏற்றுக்கொண்ட பதில்

கேள்விக்குக் கேள்வி கேட்பதைக் குற்றமாக நினைப்பவர்கள் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ் இலக்கணம் இதை ஒரு விடை வகையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பிரிக்கிறது. அந்த எட்டில் ஒன்றின் பெயர் 'வினா எதிர் வினாதல்'. அதாவது, வினாவுக்கு எதிராக இன்னொரு வினாவையே விடையாகச் சொல்வது.

எட்டில் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள். மற்ற ஐந்தும் பொருளைக் குறிப்பால் உணர்த்துபவை. எதிர்வினா இந்தக் குறிப்பு விடைகளில் சேர்ந்தது.

இது எப்படி வேலை செய்கிறது? "தம்பி கல்யாணத்துக்கு லீவு போடுவியா?" என்று கேட்டால், "போடாம இருப்பேனா?" என்று பதில் வருகிறது. சொல்லில் 'இல்லை' இருக்கிறது. பொருளில் 'ஆம்' இருக்கிறது. "அவருக்கு வீடு எங்கேன்னு தெரியுமா?" என்றால், "எனக்கு எப்படித் தெரியும்?" என்று வருகிறது. இங்கே சொல்லில் 'தெரியும்' இருக்கிறது, பொருளோ 'தெரியாது'. கேள்வியின் வாலில் ஒட்டும் ஓர் 'ஆ' எழுத்தும், குரலின் ஏற்ற இறக்கமும் பொருளைத் தலைகீழாகப் புரட்டிவிடுகின்றன. இதைப் பாடம் நடத்தி யாரும் கற்றுத் தருவதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது.

ஆக, எதிர்க்கேள்வி எல்லாமே பதிலைத் தட்டிக்கழிப்பது அல்ல. பல வேளைகளில் அதுவே பதில். வெறும் 'ஆம்' என்பதைவிட அழுத்தமான பதில். "போடாம இருப்பேனா?" என்பதில், 'இதைக்கூடக் கேட்க வேண்டுமா' என்ற உரிமையும் பாசமும் சேர்ந்தே வருகின்றன.

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்வது என்று நம்மவர்கள் சொல்வார்கள். அது கேள்வியை விட்டு விலகிப் போவது. எதிர்க்கேள்வி அப்படி அல்ல. அது கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. எந்தப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

திரும்பி வரும் கேள்வி

ஒரு மளிகைக் கடை. "அரிசி இருக்கா?" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். "எத்தனை கிலோ வேணும்?" என்று கடைக்காரர் கேட்கிறார். யாருக்கும் கோபம் வரவில்லை. காரணம், அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்தவுடன் முதல் கேள்விக்கும் பதில் வந்துவிடும் என்று இருவருக்கும் தெரியும்.

1960, 70களில் அமெரிக்காவில் ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப் போன்ற ஆய்வாளர்கள் தொலைபேசி உரையாடல்களைப் பதிவு செய்து, வரி வரியாக எழுதி வைத்து ஆராய்ந்தார்கள். கேள்வியும் பதிலும் ஒரு ஜோடி என்றும், அந்த ஜோடிக்கு நடுவே இன்னொரு கேள்வி பதில் ஜோடி நுழையலாம் என்றும் அவர்கள் காட்டினார்கள். நடுவே நுழைந்த ஜோடி முடிந்ததும் பேச்சு முதல் கேள்விக்குத் திரும்புகிறது. கேட்டவர் அதுவரை காத்திருக்கிறார்.

மருத்துவரிடம் "இந்த மாத்திரையை நிறுத்தலாமா?" என்று கேட்டால், "இப்ப இரத்த அழுத்தம் எவ்வளவு இருக்கு?" என்று அவர் கேட்கத்தான் வேண்டும். கேட்காமல் பதில் சொல்லும் மருத்துவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நேரம் வாங்கும் கேள்வி

இன்னொரு வகை உண்டு. "நீ ஏன் நேற்று கூட்டத்துக்கு வரலை?" "நேற்றா? நானா?" என்று கேட்டதையே திருப்பிக் கேட்பார்கள். காது கேட்காமல் அல்ல. யோசிக்க நேரம் வேண்டும்.

பேச்சின் வேகம் அப்படிப்பட்டது. 2009இல் பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. கேள்வி முடிந்து பதில் தொடங்குவதற்குள் உள்ள இடைவெளி, சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். மொழிக்கு மொழி கொஞ்சம் வேறுபட்டாலும் எல்லா மொழிகளிலும் இடைவெளி மிகச் சிறியதே. அந்தக் கணத்தைத் தாண்டி மௌனமாக இருந்தால், எதிரில் இருப்பவர் அந்த மௌனத்துக்கே ஓர் அர்த்தம் கற்பித்துவிடுகிறார். 'என்னமோ இருக்கு, யோசிக்கிறான்' என்று முடிவு கட்டிவிடுகிறார். அதனால் மௌனத்துக்குப் பதிலாக ஒரு கேள்வியைப் போட்டு நேரத்தை வாங்கிக் கொள்கிறார்கள்.

இப்படித் திருப்பிக் கேட்பவர் பொய் சொல்லத் தயாராகிறார் என்று பலர் நம்புகிறார்கள். ஆதாரம் அந்த நம்பிக்கையைத் தாங்கவில்லை. பொய்யைக் காட்டிக் கொடுப்பதாகச் சொல்லப்படும் 158 அறிகுறிகளை பெல்லா டிபாலோவும் அவருடைய குழுவினரும் 2003இல் தொகுத்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலான அறிகுறிகளுக்கும் பொய்க்கும் தொடர்பே இல்லை, அல்லது இருந்தாலும் மிக மெல்லியது என்பதே முடிவு. தடுமாறி ஒரு கேள்வி கேட்டுவிட்டார் என்பதற்காக ஒருவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. பயந்தவரும் தடுமாறுவார், களைத்தவரும் தடுமாறுவார்.

காதில் விழுந்தது வேறு

இப்போது அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்போம். "சம்பளம் போட்டுட்டாங்களா?" என்றுதான் மனைவி கேட்டார். கணவர் காதில் விழுந்தது என்ன? 'வீட்டில் பணம் இல்லை, நீங்கள் கொண்டுவரவில்லை' என்பது. அதனால்தான் "என்ன அவசரம்?" என்றார். "பரீட்சை முடிவு வந்திருச்சாடா?" என்றபோது மகன் காதில் விழுந்தது, 'நீ மறைத்து வைத்திருக்கிறாய்' என்பது. அதனால்தான் "யார் சொன்னா?" என்றான்.

வாயால் கேட்ட கேள்வி ஒன்று. மனத்தில் போய் விழுந்த கேள்வி இன்னொன்று. எதிர்க்கேள்வி பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விக்கான பதில். என்ன கேட்டார்கள் என்பதற்கு அல்ல, ஏன் கேட்டார்கள் என்பதற்கே அவர்கள் பதில் சொல்கிறார்கள். இதைப் புரிந்துகொண்டால் வீட்டில் பாதிச் சண்டைகள் தொடங்காமலேயே முடிந்துவிடும்.

நம் பெரியவர்களுக்கு இந்த நுட்பம் தெரிந்திருந்தது. வெளியே கிளம்புகிறவரை "எங்கே போறீங்க?" என்று கேட்கக் கூடாது என்பார்கள். போகிற காரியம் தடைப்படும் என்பது நம்பிக்கை. அதற்காக விசாரிக்காமலும் இருக்க மாட்டார்கள். "என்ன, தூரமா?" என்று கேட்பார்கள். நம்பிக்கையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அதில் ஒரு நாகரிகம் இருக்கிறது. சொல்ல விரும்பினால் முழு விவரமும் சொல்லலாம். விரும்பாவிட்டால் "ஆமா, கொஞ்சம் தூரம்தான்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். பதில் சொல்கிறவருக்கு வாசலைத் திறந்து வைத்த கேள்வி அது.

கேட்கும் உரிமை யாருக்கு?

"கேள்வி கேட்டா திருப்பிக் கேள்வி கேட்கிறியா? எதிர்த்துப் பேசுறியா?" இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை உண்டா? அப்பா கேள்விக்குக் கேள்வி கேட்டால் அது கண்டிப்பு. பிள்ளை கேட்டால் அது திமிர். முதலாளி கேட்டால் அது விசாரணை. தொழிலாளி கேட்டால் அது வாய்த்துடுக்கு.

மலையகத் தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கங்காணியும் கிராணியும் கேட்பார்கள்; தொழிலாளி பதில் சொல்ல வேண்டும். "ஏன்?" என்று திருப்பிக் கேட்கும் உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டுமே இருந்த காலம் அது. அந்தப் பழக்கத்தின் நிழல் சில வீடுகளிலும் வேலையிடங்களிலும் இன்றும் விழுந்து கிடக்கிறது.

பழைய ஏதென்ஸ் நகரில் சாக்ரட்டீஸ் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிப் பார்த்தார். எல்லாம் தெரிந்தவர்கள் என்று பெயர் எடுத்தவர்களிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அவர்கள் சொன்னதையே பிடித்து அடுத்த கேள்வியை எழுப்பினார். கேட்டுக்கொண்டிருந்த இளைஞர்கள் மகிழ்ந்தார்கள். கேட்கப்பட்ட பெரிய மனிதர்கள் பகைத்தார்கள். கி.மு. 399இல் தெய்வ நிந்தனை செய்தார், இளைஞர்களைக் கெடுத்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

ஆகவே, பிள்ளை "ஏன்ப்பா கேட்கிறீங்க?" என்று கேட்டவுடன் கையை ஓங்க வேண்டாம். உண்மையிலேயே காரணம் தெரிந்துகொள்ளக் கேட்கிறானா, வாயை அடைக்கக் கேட்கிறானா என்று குரலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். முதல் வகை என்றால் காரணத்தைச் சொல்லிவிட்டுக் கேள்வியை மறுபடியும் கேட்கலாம். காரணம் தெரிந்த பிள்ளை பதில் சொல்லும்.

"நான் யாருன்னு தெரியலையா?"

எதிர்க்கேள்வி வீட்டுச் சண்டையோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. இன்று அது பலருடைய சேமிப்பையே கொண்டுபோகிறது. இதை ஒவ்வொரு வீட்டிலும் பேச வேண்டும்.

தெரியாத எண்ணிலிருந்து தொலைபேசி அழைப்பு வருகிறது. "யாருங்க பேசுறது?" என்று கேட்கிறீர்கள். "என்னங்க, என் குரல்கூட மறந்து போச்சா? யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார் அழைத்தவர். மறந்துவிட்டோமே என்ற கூச்சத்தில், "குமாரா?" என்று நீங்களே ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறீர்கள். அவ்வளவுதான். அந்த நொடியிலிருந்து அவர் குமார். "ஆமா, குமார்தான். பழைய நம்பரை மாத்திட்டேன், இதைப் போட்டு வச்சுக்குங்க" என்பார். பிறகு ஓர் அவசரம் என்பார். கொஞ்சம் பணம் அனுப்பச் சொல்வார்.

நண்பர் போல நடித்துப் பணம் பறிக்கும் இந்த மோசடி குறித்துச் சிங்கப்பூர்க் காவல்துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. இதில் கணினி வித்தை எதுவும் இல்லை. முழுத் தந்திரமும் ஒரே ஓர் எதிர்க்கேள்வியில் இருக்கிறது. "யாருங்க?" என்பது நீங்கள் கேட்ட கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவரோ கேள்வியைத் திருப்பிப் போட்டு, பதில் சொல்லும் கடமையை உங்கள் தோளில் வைத்துவிட்டார். நமக்கோ, கேட்டால் பதில் சொல்லிவிட வேண்டும் என்ற பழக்கம். தெரியவில்லை என்று சொன்னால் மனம் புண்படுமே என்ற தயக்கம். நல்ல குணங்களையே தூண்டிலாக மாற்றிவிடுகிறார்கள்.

இதற்கு மருந்தும் எதிர்க்கேள்விதான். "மன்னிச்சுக்குங்க, தெரியலை. உங்க பேரை நீங்களே சொல்றீங்களா?" என்று கேள்வியை அவரிடமே திருப்பி அனுப்புங்கள். உண்மையான நண்பர் சிரித்துக்கொண்டு பெயரைச் சொல்லிவிடுவார். சொன்ன பிறகும், உங்களிடம் உள்ள அவருடைய பழைய எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

வங்கியிலிருந்தோ காவல்துறையிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி அடையாள அட்டை எண்ணைக் கேட்டாலும் இதே வழிதான். "நீங்க எந்தக் கிளை? என்ன காரணத்துக்குக் கேட்கிறீங்க?" என்று கேளுங்கள். பிறகு தொடர்பைத் துண்டித்துவிட்டு, வங்கி அட்டையின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பணம் போய்விட்டதென்றால் உடனே வங்கியைத் தொடர்பு கொள்ளுங்கள். மலேசியாவில் 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் இருக்கிறது. சிங்கப்பூரில், இது மோசடியா என்ற சந்தேகம் எழுந்தாலே 1799 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்.

இங்கே எதிர்க்கேள்வி மரியாதைக் குறைவு அல்ல. அது வீட்டுக் கதவின் தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளைப் போட நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். 'யாரையும் திருப்பிக் கேட்காதே' என்று வளர்க்கப்பட்ட தலைமுறை அது.

மருத்துவர் முன்னால்

எதிர்க்கேள்வியால் உயிருக்கே ஆபத்து வரும் இடமும் ஒன்று இருக்கிறது. மலேசியாவின் 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. நம் குடும்பங்களில் சர்க்கரை மாத்திரை இல்லாத வீடு குறைவு.

கிளினிக்கில் மருத்துவர், "ஐயா, மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்கிறார். "சாப்பிடாம இருப்பேனா டாக்டர்?" என்கிறார் பெரியவர். இலக்கணப்படி அது 'ஆம்'. மருத்துவரும் 'ஆம்' என்றே எழுதிக் கொள்கிறார். ஆனால், பெரியவர் பொய் சொல்லவும் இல்லை, உண்மை சொல்லவும் இல்லை. அந்த மாதம் பத்து நாள் மாத்திரையை விட்டிருக்கலாம். இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை என்பதைப் பார்க்கும் மருத்துவர், மாத்திரை போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவார். கூட்டிய அளவைப் பெரியவர் ஒரு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டால், சர்க்கரை ஒரேயடியாகக் குறைந்து மயங்கி விழவும் வாய்ப்புண்டு.

பெரியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. "ஒழுங்கா" என்ற சொல்லிலேயே ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்டால், பள்ளிப் பிள்ளை போலத்தான் பதில் வரும். அதையே, "ஐயா, எல்லாருக்கும் சில நாள் மாத்திரை மறந்து போகும். போன வாரம் உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப் போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். 'சாப்பிடுறீங்களா' என்பதைச் "சாப்பிடாம இருப்பேனா" என்று எளிதாகத் திருப்பிவிடலாம். 'எத்தனை நாள்' என்பதை அவ்வளவு எளிதாகத் திருப்ப முடியாது. மறந்தது குற்றமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால், திருப்ப வேண்டிய தேவையும் இல்லை. "ரெண்டு மூணு நாள் இருக்கும்" என்று உண்மை வெளியே வரும்.

மருத்துவருக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் இதே பாடம்தான். வாரம் ஒருமுறை தொலைபேசியில் "மாத்திரை சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டு, "சாப்பிடாம என்ன?" என்ற பதிலோடு திருப்தி அடைந்துவிடுகிறவர்கள் நிறைய. அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது அட்டையில் எத்தனை மாத்திரை மீதி இருக்கிறது என்று அப்பாவோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

என்ன செய்யலாம்?

கேள்விக்குக் கேள்வி வரும்போது மூன்றைக் கவனிக்கலாம்.

முதலாவது, அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் நம் கேள்விக்குப் பதில் வந்துவிடுமா? வரும் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நம் கேள்வி அவர் காதில் குற்றச்சாட்டாக விழுந்ததா? விழுந்தது என்றால் காரணத்தை முதலில் சொல்லுங்கள். "வாடகை கட்ட நாளைக்குக் கடைசி நாள். அதான் கேட்கிறேன், சம்பளம் வந்திருச்சா?" என்று கேட்டால், "என்ன அவசரம்?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவசரம் என்னவென்று நீங்களே சொல்லிவிட்டீர்களே.

மூன்றாவது, பதில் சொல்ல வேண்டியவர் அவராக இருக்கும்போது கடமையை நம்மேல் தள்ளுகிறாரா? அப்படியென்றால் கேள்வியை விட்டுக் கொடுக்காதீர்கள். அமைதியாக, அதே சொற்களில், இன்னொரு முறை கேளுங்கள். அது தொலைபேசியில் வரும் முகம் தெரியாத குரலாக இருந்தாலும் சரி, நம்மிடம் வாக்குறுதி கொடுத்தவராக இருந்தாலும் சரி.

பதில் சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சொல்ல விருப்பம் இல்லையென்றால், "இப்ப சொல்ல முடியலை, அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிடலாம். அதுவும் ஒரு பதில்தான். அதைக் கேட்டவர் காத்திருப்பார். "ஏன் கேட்கிறே?" என்ற சொல்லோடு நின்றுவிட்டால், அவர் காத்திருக்க மாட்டார், கற்பனை செய்யத் தொடங்கிவிடுவார். நேரடிப் பதிலைவிடக் கற்பனை எப்போதும் மோசமாகத்தான் இருக்கும்.

இன்றிரவு சாப்பாட்டு மேசையில் கேட்கப் போகும் முதல் கேள்வியை, காரணத்தோடு சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வருகிறது என்று பொறுமையாகக் கேளுங்கள்.